பள்ளி மாணவிகளிடம் இரத்தசோகை: ஆய்வுத் திட்டமும் சுருக்கமும் எழுத உதவி தேவை

மல்லிகை_05 | வியாழன், இரவு 10:48

எல்லோருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எஸ்.டி.எஸ். திட்டத்துக்கு, அதாவது மருத்துவ மாணவர்களுக்கான குறுகிய கால ஆய்வு உதவித்தொகைக்கு, விண்ணப்பிக்க ஆசை. கைடாக இருக்க எங்கள் மேடம் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் "திங்கட்கிழமைக்குள் ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிக்கொண்டு வா, கூடவே சுருக்கமும்" என்று சொல்லிவிட்டார். ஆய்வே செய்யாமல் சுருக்கத்தை எப்படி எழுதுவது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் யோசித்திருப்பது இதுதான்: எங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் 3 அரசுப் பள்ளிகள். 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை மாணவிகள். ஹீமோகுளோபின், உணவுப்பழக்கம், மாதவிடாய், கைப்பேசி பயன்பாடு, தூக்கம், மன அழுத்தம் எல்லாவற்றையும் எடுத்து, எதற்கும் எதற்கும் தொடர்பு என்று பார்க்க வேண்டும். கேள்வித்தாளில் இப்போதைக்கு 62 கேள்விகள். காலம் 2 மாதம்.

சரியாக இருக்கிறதா? குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

வேதாளம்_மீண்டும் | வியாழன், இரவு 11:20

தங்கச்சி, 62 கேள்வி என்று படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நானும் இதே எஸ்.டி.எஸ். செய்தவன்தான். எனக்கு 48 கேள்வி. வகுப்பறையில் உட்காரவைத்துத் தாளைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து எக்செல்லில் ஏற்றும்போதுதான் தெரிந்தது: 31ஆம் கேள்விக்கு அப்புறம் ஏறக்குறைய எல்லோருக்கும் விடை 'அ'. பிள்ளைகளுக்குப் பசி, மணி அடிக்கும் நேரம். முதல் கட்டத்தில் வரிசையாக டிக் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பதினேழு கேள்வியும் குப்பைக்குப் போயிற்று. அதில் என் முக்கியமான கேள்வியும் ஒன்று.

அடுத்தது, 2 மாதம் என்பது 2 மாதம் இல்லை. எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு) கூட்டம் நடக்க வேண்டும், பள்ளிக்கு அனுமதிக் கடிதம் வர வேண்டும், நடுவில் அவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு, நமக்கு இன்டர்னல். எனக்குக் கையில் கிடைத்தது 17 வேலைநாள். அந்த 17 நாளில் என்ன முடியும் என்பதிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடு.

ஊர்க்கிணறு | வெள்ளி, காலை 6:15

சமூக மருத்துவத் துறையில் பாடம் எடுப்பவன். வேதாளம் சொன்னது நடைமுறை. நான் கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்கு முந்தையதில் 55. ஆக, பாதிக்கு மேல் என்பது ஊருக்கே தெரியும். நீங்கள் மூன்று பள்ளியில் விரலைக் குத்தி 51 என்றோ 56 என்றோ கண்டுபிடித்தால் யாருக்கு என்ன பயன்? குத்துவதற்குப் பணம் வேண்டும், கருவி வேண்டும், அதன் அளவு சரிதானா என்று பார்க்க ஆள் வேண்டும். குறைவாக வந்த பிள்ளைக்குச் சிகிச்சை ஏற்பாடும் உங்கள் பொறுப்பு.

அதே பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? மருந்து கைக்கு வந்துவிடுகிறது. வாய்க்குள் போகிறதா? இதற்கு ஊசி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். இரண்டாம் ஆண்டு மாணவி இரண்டு மாதத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. "கடந்த 4 வாரத்தில் கிடைத்த மாத்திரைகளில் எத்தனையை விழுங்கினார்கள், விழுங்காதவர்கள் சொல்லும் காரணம் என்ன?" அவ்வளவுதான். கைப்பேசியையும் தூக்கத்தையும் வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள்.

கிராமத்து_செவிலி | வெள்ளி, மதியம் 1:40

ஊர்க்கிணறு சார் சொல்றது நிஜம். 22 வருடமாகக் கிராமச் சுகாதார செவிலியராக இருக்கிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன் கண்ணு, உன் கேள்வித்தாளுக்கு உதவும்.

ஒரு பள்ளியில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் சாக்கடைத் தொட்டி. மாத்திரை கொடுத்த அன்று சாயந்திரம் போய்ப் பார்த்தால் சிமெண்டு ஓரமெல்லாம் நீலமாக ஊறிக் கிடக்கும். டீச்சர் முன்னால் வாயில் போட்டு நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடிக்கிற மாதிரி போய்த் துப்புவார்கள். கேட்டால் "விழுங்கிட்டேன் மேடம்".

ஏன் என்று ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறது. ஒரு தடவை போட்டு வாந்தி எடுத்துவிட்டது, பையன்கள் சிரித்தார்கள். அதோடு சரி. இன்னொரு பிள்ளைக்கு மலம் கறுப்பாகப் போனதும் பயம். இரும்பு மாத்திரைக்கு அது சகஜம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு தெருவில் "குழந்தை பிறக்காமல் பண்ணுற மாத்திரை" என்று ஒரு பாட்டி கிளப்பிவிட்டது, அந்தத் தெருவே நிறுத்திவிட்டது. நான் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் ஒன்றை விழுங்கிக் காட்டினேன்.

இதெல்லாம் உன் காரணப் பட்டியலில் இருக்கா? இல்லையென்றால் எல்லாம் "மற்றவை"யில் போய் விழும்.

தயார்_ப்ராஜெக்ட் | வெள்ளி, மதியம் 2:05

இதே தலைப்பில் முழு ப்ரொபோசல் ரெடிமேடாக இருக்கு. தனிச்செய்தி அனுப்பவும்.

ஊர்க்கிணறு | வெள்ளி, இரவு 8:30

மேலே இருப்பவரிடம் வாங்கிவிடாதீர்கள் மல்லிகை. காரணம் ஒழுக்கம் மட்டுமில்லை. இந்த வாராந்திர மாத்திரைத் திட்டம் 2012-13 வாக்கில் நாடு முழுக்க வந்தபோது இரும்பு 100 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். 2018இல் அனீமியா முக்த் பாரத் ('இரத்தசோகை இல்லா இந்தியா' திட்டம்) வந்தபோது வளரிளம் பருவத்தினருக்கான இரும்பு 60 மில்லிகிராம் ஆயிற்று. இன்றைக்கும் பாதி மாணவர்களின் முன்னுரையில் 100 என்றே வருகிறது, ஏனென்றால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். நேர்முகத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வியே "மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களா?" என்பதுதான். பள்ளிக்குப் போனால் ஓர் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

மல்லிகை_05 | வெள்ளி, இரவு 9:12

62 கேள்வியையும் அழித்துவிட்டேன். கொஞ்சம் அழுகை வந்தது, பரவாயில்லை. புதுத் தலைப்பு மேடத்துக்கும் பிடித்திருக்கிறது.

முதல் கேள்வியை இப்படி எழுதினேன்: "நீங்கள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை." சரியா?

கிராமத்து_செவிலி | வெள்ளி, இரவு 9:40

கண்ணு, இப்படிக் கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஆம்தான். "தவறாமல்" என்று கேட்டாலே டீச்சர் குரல் கேட்கும் அவர்களுக்கு.

வேதாளம்_மீண்டும் | வெள்ளி, இரவு 10:02

'உட்கொள்கிறீர்களா'வும் வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நான் இப்படிப் பிரித்துக் கேட்பேன்:

போன வாரம் மாத்திரை கொடுத்த நாளில் நீ பள்ளிக்கு வந்திருந்தாயா?
அன்று உனக்கு மாத்திரை கிடைத்ததா?
கிடைத்த மாத்திரையை என்ன செய்தாய்? விழுங்கினேன் / பையில் வைத்தேன் / வீட்டுக்குக் கொண்டுபோனேன் / தோழியிடம் கொடுத்தேன் / துப்பினேன் அல்லது போட்டுவிட்டேன் / ஞாபகம் இல்லை.

"நிறையப் பேருக்கு இந்த மாத்திரை பிடிப்பதில்லை, அதனால்தான் கேட்கிறோம்" என்று மேலே ஒரு வரி போடு. துப்பினேன் என்று ஒப்புக்கொள்வதில் குற்றமில்லை என்று தெரிந்தால்தான் உண்மை வரும். தாளில் பெயர் வேண்டாம். வகுப்பாசிரியர் வெளியே இருக்கட்டும்.

இரண்டு_பெண்களின்_அப்பா | சனி, காலை 7:25

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவன் இல்லை, மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் மூத்த மகள் பத்தாவது. போன வருடம் யாரோ வந்து பள்ளியில் ஏதோ படிவம் நிரப்பச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாதவிடாய் பற்றியெல்லாம் கேட்டார்களாம். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தாள் எங்கே போயிற்று, யார் படித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. தலைமையாசிரியரிடம் கேட்டால் "நான்தான் அனுமதித்தேன்" என்கிறார். பிள்ளை என்னுடையதா அவருடையதா?

நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் நீங்கள் எல்லோரும் எத்தனை கேள்வி, எத்தனை நாள் என்றுதான் பேசுகிறீர்கள். எங்களிடம் எப்போது கேட்பீர்கள்?

ஊர்க்கிணறு | சனி, காலை 8:10

ஐயா, இதை முதல் பதிவிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டுதலின்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் ஆய்வு செய்யப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு, 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் தனியாக எழுத்தில் இசைவும் வாங்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தலைமையாசிரியரின் அனுமதி பள்ளிக்குள் நுழைவதற்கு, பெற்றோரின் ஒப்புதலுக்கு அது ஈடாகாது. விதிவிலக்கு ஏதேனும் கொடுப்பதென்றால் அது எத்திக்ஸ் கமிட்டியின் கையில் இருக்கிறது, மாணவியின் கையிலோ பள்ளியின் கையிலோ இல்லை.

மல்லிகை, பெற்றோருக்கான கடிதத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதி இங்கேயே போடுங்கள். ஐயா படித்துப் பார்த்துச் சொல்லட்டும். அவருக்குப் புரிந்தால் எந்தக் கமிட்டிக்கும் புரியும்.

மல்லிகை_05 | சனி, மாலை 4:30

எழுதியிருக்கிறேன், ஐயா தயவுசெய்து பார்க்கவும்:

"உங்கள் மகளின் பள்ளியில் வாரம் ஒரு முறை இரத்தசோகையைத் தடுக்க இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதை விழுங்குகிறார்களா, இல்லையென்றால் ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். 14 கேள்விகள், 10 நிமிடம். இரத்தம் எடுக்க மாட்டோம். பெயர் எழுதச் சொல்ல மாட்டோம். பதில்களை ஆசிரியர்கள் பார்க்க மாட்டார்கள். நீங்களோ மகளோ வேண்டாம் என்றால் மதிப்பெண்ணிலோ மாத்திரை கொடுப்பதிலோ எந்த மாற்றமும் இருக்காது. கேள்வித்தாளைப் பார்க்க விரும்பினால் பள்ளி அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்கும்."

கீழே என் பெயர், கைடு மேடத்தின் பெயர், துறையின் தொலைபேசி எண்.

இரண்டு_பெண்களின்_அப்பா | சனி, இரவு 9:50

இதற்குக் கையெழுத்துப் போடுவேன். ஒன்று மட்டும். என் மகள் அந்தத் தாளில் "மயக்கம் வருகிறது, மூச்சு வாங்குகிறது" என்று எழுதினால், பெயர் இல்லாத தாளை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

கிராமத்து_செவிலி | சனி, இரவு 10:15

நல்ல கேள்வி கேட்டீங்க அண்ணே. கண்ணு, தாளை வாங்கினதும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சின்னச் சீட்டு கொடுத்துவிடு. களைப்பு, மூச்சுவாங்கல், மாதவிடாயில் அதிகப் போக்கு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்தக் கிழமை போகணும், யாரைப் பார்க்கணும் என்று. எல்லோருக்கும் கொடுத்தால் யாருக்குத் தேவை என்று வெளியே தெரியாது. அந்தப் பகுதி செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி வை, பிள்ளைகள் வந்தால் திருப்பி அனுப்பாமல் பார்ப்பார்.

கால்குலேட்டர் | ஞாயிறு, காலை 10:05

புள்ளியியல் படித்தவன். இவ்வளவு பேசியும் எத்தனை பேர் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே, அதனால் வந்தேன்.

எத்தனை சதவீதம் விழுங்குவதில்லை என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. தெரியாதபோது 50 என்று வையுங்கள், அதற்குத்தான் அதிக ஆள் தேவைப்படும், ஆகவே பாதுகாப்பு. 4 × 50 × 50 = 10,000. இதைப் பிழை வரம்பின் (உங்கள் விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகினால் பரவாயில்லை என்பதன்) வர்க்கத்தால் வகுக்கவும். வரம்பு 5 சதவீதப் புள்ளி என்றால் 10,000 ÷ 25 = 400 பேர். வரம்பு 10 என்றால் 10,000 ÷ 100 = 100 பேர். வரம்பைப் பாதியாக்க ஆள் நான்கு மடங்கு. 17 வேலைநாளுக்கு 10தான் கட்டுப்படியாகும்.

ஆனால் 100 போதாது. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒரே டீச்சர், ஒரே வதந்தி. ஒருத்தி துப்பினால் பக்கத்து பெஞ்சும் துப்பும். அந்த நூறு பேரும் உண்மையில் தனித்தனி நூறு இல்லை. அதற்காக இரண்டு மடங்கு என்று வைத்தால் 200. பத்தில் ஒருவர் ஒப்புதல் தர மாட்டார் என்றால் 200 ÷ 0.9, அதாவது 223. (200 உடன் 10 சதவீதம் கூட்டி 220 என்று எழுதுவார்கள். 220இல் பத்தில் ஒன்று போனால் 198தானே மிஞ்சும்?)

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்கள் போகும் நாளில் வராத பிள்ளைகள் யார்? அடிக்கடி லீவு போடுபவர்கள். மாத்திரை நாளிலும் அவர்கள்தான் வந்திருக்க மாட்டார்கள். வந்தவர்களை மட்டும் கேட்டால் நிலைமை இருப்பதைவிட நன்றாகத் தெரியும். வருகைப் பதிவேட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் மறுபடி ஒரு முறை போங்கள். அப்படியும் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையைச் சுருக்கத்திலேயே எழுதுங்கள்.

மல்லிகை_05 | ஞாயிறு, மாலை 6:40

எல்லோருக்கும் நன்றி. நாளை மேடத்திடம் கொடுக்க வேண்டிய சுருக்கம். எண் வர வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறேன்.

"பின்னணி: இரத்தசோகை உலகளாவிய ஒரு முக்கியப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை. நோக்கம்: வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை மாணவிகள் விழுங்கும் அளவையும் விழுங்காமைக்கான காரணங்களையும் அறிதல். முறை: 3 அரசுப் பள்ளிகளில் 9ஆம் வகுப்பு மாணவிகளிடம் குறுக்குவெட்டு ஆய்வு, பெயரில்லாக் கேள்வித்தாள். முடிவுகள்: ___ மாணவிகளில் ___ சதவீதம் பேர் விழுங்கவில்லை. முக்கியக் காரணம் ___. முடிவுரை: மாத்திரை விழுங்காததே இரத்தசோகைக்குக் காரணம். மாணவிகளிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்."

கால்குலேட்டர் | ஞாயிறு, இரவு 7:15

நோக்கமும் முறையும் நன்று. முடிவுரையின் முதல் வாக்கியத்தை உடனே அடியுங்கள். நீங்கள் இரத்தமே எடுக்கவில்லை! எடுத்திருந்தாலும், குறுக்குவெட்டு ஆய்வில் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு எது காரணம், எது விளைவு என்று சொல்ல முடியாது.

நாளைக்கு எண்கள் வரும்போது 43.27 சதவீதம் என்று எழுத வேண்டாம். 200 பேரில் இரண்டாம் தசமத்துக்கு அர்த்தமில்லை. 43 என்று எழுதி, பக்கத்தில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை (உண்மையான அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதை) போடுங்கள். மென்பொருள் p (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருவதற்கான வாய்ப்பு) = 0.000 என்று காட்டினால் அப்படியே நகலெடுக்காமல் 0.001ஐவிடக் குறைவு என்று எழுதுங்கள்.

ஊர்க்கிணறு | ஞாயிறு, இரவு 8:00

"விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்." வருடத்துக்கு முப்பது நாற்பது சுருக்கம் படிக்கிறேன், கொசுவானாலும் சர்க்கரையானாலும் இதே கடைசி வரி. உங்கள் கோடுகளில் எந்த எண் வந்து உட்கார்ந்தாலும் இந்த வரி மாறாது, கவனித்தீர்களா? அப்படியென்றால் ஆய்வு எதற்கு?

உங்கள் மேடம் இப்போதே சுருக்கம் கேட்டது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். எந்த விடை வந்தால் என்ன சொல்வோம் என்று முன்பே எழுதிப் பார்த்தால், கேள்வித்தாளில் எது இல்லை என்பது தெரிந்துவிடும். குமட்டல் முதல் காரணமாக வந்தால்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லலாம். அதற்கு, இப்போது எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள், அன்று அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்ற கேள்விகள் வேண்டும். இருக்கிறதா? வராததுதான் காரணமென்றால்: தவறியவர்களுக்கு மறுநாள் கொடுக்கும் ஏற்பாடு. வதந்தி என்றால் பேச வேண்டியது பிள்ளைகளிடம் அல்ல, அந்தப் பாட்டியிடம்.

பின்னணியில் 'உலகளாவிய' வேண்டாம். உங்கள் பள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள்.

மல்லிகை_05 | ஞாயிறு, இரவு 11:35

எந்த நேரம், சாப்பிட்டதா என்ற இரண்டு கேள்வியும் இல்லவே இல்லை சார். இப்போது சேர்த்துவிட்டேன். 16 கேள்வி ஆகிறது. திருத்திய சுருக்கம்:

"பின்னணி: தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளது. பள்ளிகளில் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை தரப்பட்டும், அது விழுங்கப்படுகிறதா என்பது எங்கள் பகுதியில் பதிவாவதில்லை. நோக்கம்: முன்பு போலவே. முறை: 3 அரசுப் பள்ளிகள், 9ஆம் வகுப்பு, பெற்றோர் ஒப்புதலும் மாணவி இசைவும் பெற்று, ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் பெயரில்லாக் கேள்வித்தாள், இரண்டு வருகை. முடிவுகள்: பதிவேட்டில் ___ பேர், பதிலளித்தவர் ___ பேர். கடந்த 4 வாரத்தில் கிடைத்த எல்லா மாத்திரையையும் விழுங்கியவர்கள் ___ சதவீதம் (___ முதல் ___ வரை). விழுங்காதவர்கள் சொன்ன முதல் மூன்று காரணங்கள் ___, ___, ___. மாத்திரைக்கு முன் சாப்பிட்டவர்களில் ___, சாப்பிடாதவர்களில் ___ சதவீதம் விழுங்கினர். முடிவுரை: ___. ஆய்வின் வரம்புகள்: மாணவிகள் தாமே சொன்னது, இரு வருகையிலும் வராத ___ பேரின் நிலை தெரியாது, இந்த 3 பள்ளிகளுக்கு மட்டும் பொருந்தும்."

முடிவுரையைக் காலியாகவே விட்டுவிட்டேன்.

வேதாளம்_மீண்டும் | திங்கள், காலை 6:50

இதைத்தான் நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டேன். பைலட் (கேள்வித்தாளை முன்கூட்டிச் சிலரிடம் சோதித்துப் பார்ப்பது) மறக்காதே, பத்துப் பேராவது. அவர்களைக் கடைசிக் கணக்கில் சேர்க்காதே.

மல்லிகை_05 | 3 வாரம் கழித்து, வெள்ளி, மாலை 5:20

மேடம் ஏற்றுக்கொண்டார், கமிட்டியும் இரண்டு திருத்தத்தோடு அனுமதித்துவிட்டது. விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் செய்வோம் என்கிறார் மேடம்.

இன்று வேறொரு பள்ளியில் பைலட். 9 பேர், 11 நிமிடம். எல்லாம் நன்றாகப் போயிற்று. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை மட்டும் கையைத் தூக்கி, "அக்கா, மேல நீலத்தை மட்டும் சப்பிட்டு உள்ள கசக்கும்போது துப்பிருவேன், நான் எதுல டிக் போட?" என்று கேட்டது. மற்ற எட்டுப் பேரும் சிரிக்கவில்லை, தங்கள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். மூன்று பேர் அடித்துத் திருத்தினார்கள்.

கட்டம் ஒன்று கூட்ட வேண்டும். என்ன பெயர் போடலாம் செவிலியம்மா?